கேமில் ட்ரிஃப்ட்: வாலை வீசுவதும் பிடித்து வைப்பதும்

தை, மாசி அறுவடை நேரத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு ட்ரிஃப்ட்டின் (பின்பக்கத்தை நழுவவிட்டுக் காரைப் பக்கவாட்டாகவே வளைவில் ஓட்டுவதன்) அடிப்படையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டில் காயப்போட்ட நெல்லின் மேல் வண்டி ஏறும்போது பின் பிரேக்கைத் தொட்டால் போதும், பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவும். முன்சக்கரத்துக்குப் பிடி இருக்கும், பின்சக்கரத்துக்கு இருக்காது. ரேசிங் கேமில் நடப்பதும் இதுதான். இங்கே அந்தப் பிடியை நாமே விடுகிறோம். வளைவு முடியும்வரை அது திரும்ப வந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறோம்.

டயரின் மொத்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. காரை முன்னே தள்ளுவதற்கோ நிறுத்துவதற்கோ அதில் பெரும்பங்கு போய்விட்டால், பக்கவாட்டில் தாங்க மிச்சம் இருக்காது. ஆக்சிலேட்டரை அழுத்திப் பின்சக்கரத்தை வழுக்கிச் சுழலவிட்டாலும், ஹேண்ட்பிரேக் போட்டு அதைப் பூட்டினாலும் பின்பக்கம் வெளியே போவது இதனால்தான். கீழே வரும் எல்லா உத்திகளும் இந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு வழியில் செய்கின்றன.

இந்தக் குறிப்புகள் அசெட்டோ கோர்சா, ஃபோர்ஸா ஹொரைசன் 5, மொபைலில் கார்எக்ஸ் ட்ரிஃப்ட் ரேசிங் 2 போல டயரின் பிடியைக் கணக்குப் போடும் கேம்களுக்கானவை. பட்டனை அழுத்தினால் தானாகவே ட்ரிஃப்ட் ஆகும் கேம்களைப் பற்றிக் கடைசியில் ஒரு பத்தி இருக்கிறது.

கார், செட்டிங்

பின்சக்கர இழுவை உள்ள கார்தான் வேண்டும். நம் தெருவில் நிற்கும் ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் முன்சக்கர இழுவை. அந்த மாதிரிக் காரைக் கேமில் எடுத்தால் ஹேண்ட்பிரேக்கில் பின்பக்கம் ஒருமுறை வீசும், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மூக்கு இழுத்து நேராகிவிடும். (இதே காரணத்தால், ராத்திரி பைபாஸ் காலியாக இருக்கிறதே என்று நிஜக் காரில் முயல்வதில் லாபம் ஒன்றும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவும் கவிழ்ந்த காரும்தான் மிஞ்சும்.)

கற்றுக்கொள்ள 300 முதல் 450 குதிரைத்திறன் வரை போதும். நிசான் சில்வியா எஸ்15 நல்ல தொடக்கம். அசெட்டோ கோர்சாவில் பி.எம்.டபிள்யூ எம்3 ஈ92 ட்ரிஃப்ட் கார் கூடவே வருகிறது, அதையே எடுக்கலாம். டொயோட்டா ஏஈ86 பேர் பெற்ற கார்தான். ஆனால் ஒரிஜினல் எஞ்சினில் சுமார் 130 குதிரைத்திறன்தான். ஆக்சிலேட்டரால் மட்டும் பின்சக்கரத்தைச் சுழலவைத்துக்கொண்டே இருக்க முடியாது. வேகத்தையும் எடையையும் கையாளத் தெரிந்த பிறகு அதற்குப் போங்கள். 1000 குதிரைத்திறன் காரும் வேண்டாம். விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கார் சுற்றிவிடும். எதைத் தப்பாகச் செய்தோம் என்றே புரியாது.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவை இருந்தால் பின்சக்கரம் சுழலத் தொடங்கும்போதே எஞ்சினின் சக்தியைக் கேம் குறைத்துவிடும். அசெட்டோ கோர்சாவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் மாறும். ஏபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கியரை மேனுவலில் வையுங்கள். ஆட்டோ கியர், ட்ரிஃப்ட்டின் நடுவில் தானாக மேல் கியருக்குப் போய்ச் சக்கரத்தின் சுழற்சியைக் கொன்றுவிடும்.

கேம்பேடில் ஆடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஸ்டீயரிங் ஸ்பீட் சென்சிட்டிவிட்டி. இது அதிகமாக இருந்தால், வேகம் கூடக்கூட முன்சக்கரம் திரும்பும் அளவைக் கேம் குறைக்கும். நேர் ரோட்டில் அது வசதி. ட்ரிஃப்ட்டில் முழு எதிர்த்திருப்பு (வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புவது) வேண்டிய நேரத்தில் பாதிதான் கிடைக்கும், கார் சுற்றிவிடும். படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். ஃபோர்ஸாவில் ஆக்சிலேட்டரின் டெட்ஸோன் (கேம்பேடின் ட்ரிகர் அசைந்தும் கேம் கண்டுகொள்ளாத பகுதி) இரண்டு: உள் டெட்ஸோனை 0, வெளி டெட்ஸோனை 100 என்று வைத்தால் ட்ரிகரின் முழு நீளமும் பயன்படும்.

முதலில் வட்டம்

ட்ராக்கில் இறங்க வேண்டாம். காலியான பெரிய இடமாகப் பாருங்கள். இரண்டாவது கியர், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், ஸ்டீயரிங் ஒரு பக்கம் பாதி திருப்பி அப்படியே வட்டம் அடியுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். பின்பக்கம் வெளியே வரத் தொடங்கியதும் இரண்டு வேலை, ஒரே நேரத்தில்: ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் குறைக்க வேண்டும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் விட வேண்டும். கார் அதே வட்டத்தில் பக்கவாட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தால் சரி.

ஐந்து சுற்று விடாமல் வரும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள். இரண்டு பக்கமும் பழக வேண்டும். எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். அடுத்து எட்டு வடிவம். அதன் பிறகுதான் வளைவு.

வாலை வெளியே எடுப்பது

ஹேண்ட்பிரேக் எல்லோரும் முதலில் பிடிப்பது. மூன்றாவது கியரில் மணிக்கு 70 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்கு வாருங்கள். வளைவுப் பக்கம் லேசாகத் திருப்பி, கிளட்ச்சை அழுத்தி, ஹேண்ட்பிரேக்கை அரை நொடி இழுத்து விடுங்கள். விட்ட உடனே கிளட்ச்சையும் விட்டு ஆக்சிலேட்டரை முக்கால் அளவு கொடுங்கள். கிளட்ச் அழுத்தாமல் இழுத்தால் பூட்டிய சக்கரம் எஞ்சினையும் சேர்த்து இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். விட்ட பிறகு சக்கரத்தைச் சுழலவைக்க ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) இருக்காது. ஆட்டோ கிளட்ச் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. பலரும் செய்யும் தப்பு, கோணம் வரும்வரை இழுத்துப் பிடித்திருப்பது. அப்போது கோணம் வரும், வேகம் போய்விடும், கார் வளைவின் நடுவில் நின்றுவிடும்.

கிளட்ச் கிக்: ஆக்சிலேட்டர் முழுதாக இருக்கும்போதே கிளட்ச்சை ஒரு தட்டு தட்டி விடுவது. ஆர்பிஎம் குபீரென்று ஏறி, கிளட்ச் பிடித்த நொடியில் அந்த வேகம் அத்தனையும் பின்சக்கரத்தில் இறங்கும். டயர் பிடியை விட்டுவிடும். மெதுவாக அழுத்தி மெதுவாக விட்டால் ஒன்றும் நடக்காது. ட்ரிஃப்ட்டைத் தொடங்க மட்டுமல்லாமல், நடுவில் செத்துக்கொண்டிருக்கும் ட்ரிஃப்ட்டை எழுப்பவும் இதுதான் கைகொடுக்கும்.

பிரேக் நுழைவு: வளைவுக்கு முன் நேராக இருக்கும்போது கெட்டியாகப் பிரேக் பிடித்து, எடை முன்பக்கம் வந்ததும் பிரேக்கை விட்டுக்கொண்டே திருப்புவது. பின்பக்கம் எடை குறைந்திருப்பதால் தானே நழுவும். ஹேண்ட்பிரேக் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, ஆனால் வேகம் அதிகம் வீணாகாது.

உண்மையில் அதிகம் கற்றுக்கொடுப்பது ஃபெயின்ட். வலது வளைவு என்றால் முதலில் இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டி, ஆக்சிலேட்டரை விட்டு, உடனே வலது பக்கம் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த எடை மறுபக்கம் பாயும்போது பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஏஈ86 போன்ற சக்தி குறைந்த காரில் இதுதான் வழி. முதல் வெட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் அதிக இடைவெளி விட்டால் எடை நிலைக்கு வந்துவிடும். வெறும் பாதை மாற்றமாகப் போய்விடும். சஸ்பென்ஷன் ஒரு பக்கம் அமுங்கி நிமிரத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் மறுவெட்டு. ஹேண்ட்பிரேக்கை மட்டுமே நம்பிப் பழகியவர்கள் இதைக் கடைசிவரை தொடாமல் விட்டுவிடுகிறார்கள். எடை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமலே போகிறது.

பிடித்து வைப்பது

ட்ரிஃப்ட்டில் ஸ்டீயரிங்கின் வேலை சின்னது: முன்சக்கரம் எப்போதும் கார் போய்க்கொண்டிருக்கும் திசையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியமில்லை. கோணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் ஆக்சிலேட்டர்தான்.

கூட்டினால் பின்சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், பக்கவாட்டுப் பிடி குறையும், கோணம் அகலும், கார் வளைவின் வெளிப்பக்கம் தள்ளிப்போகும். குறைத்தால் பிடி கொஞ்சம் திரும்பும், கோணம் சுருங்கும், கார் உள்பக்கம் வரும். உள்பக்கச் சுவரை நெருங்குகிறீர்களா, கொஞ்சம் கூட்டுங்கள். வெளிப்பக்கப் புல்லில் ஏறப்போகிறீர்களா, கொஞ்சம் குறையுங்கள். இந்தக் 'கொஞ்சம்' என்பது ட்ரிகரின் பத்தில் ஒரு பங்கு. முழுதாக விடுவதும் முழுதாக அழுத்துவதும் ட்ரிஃப்ட்டைக் கொல்லும்.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுதாக விட்டால் பின்டயர் ஒரே நொடியில் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் இன்னும் எதிர்ப்பக்கம் இருக்கும். கார் அந்தப் பக்கம் தூக்கி எறியப்படும், பெரும்பாலும் சுவரில். புதிதாக ஆடுபவர்கள் பயந்ததும் முதலில் செய்வது இதைத்தான். கார் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் ஆக்சிலேட்டரைப் பாதியில் நிறுத்தி, எதிர்த்திருப்பை முழுதாகக் கொடுத்துக் காத்திருங்கள். அப்படியும் சுற்றினால் தப்பு நுழைவில் நடந்திருக்கிறது. வேகமோ கோணமோ அதிகம்.

கியர் பெரும்பாலும் மூன்று. இரண்டில் ஆர்பிஎம் உச்சத்தில் போய் முட்டிக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் வேகத்தை அதற்கு மேல் கூட்ட வழியில்லை. நான்கில் எஞ்சின் திணறும். 7500 ஆர்பிஎம் உச்சம் உள்ள எஞ்சின் என்றால் ஊசி 5000-க்கும் 7000-க்கும் நடுவில் இருக்கட்டும். 4000-க்குக் கீழே இறங்கினால் டயர் பிடிக்கப்போகிறது என்று பொருள்: உடனே ஒரு கிளட்ச் கிக், அல்லது ஒரு கியர் கீழே. இதைக் காதால் கவனிக்கப் பழகுங்கள். பாட்டை நிறுத்தி எஞ்சின் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மீட்டரைப் பார்க்கவே வேண்டியிருக்காது.

கண் வளைவின் முடிவில் இருக்க வேண்டும். பானெட் முன்னால் இருக்கும் சுவரைப் பார்த்தால் அங்கேயே போவீர்கள். காரின் பின்னாலிருந்து காட்டும் கேமராவில் ஆடும்போது, அது காரோடு சேர்ந்து சுழலும் வகையாக இருந்தால் கோணம் எவ்வளவு என்று மட்டுப்படாது. சுழலாத வகையை வையுங்கள்.

ஸ்டீயரிங் வீல் வைத்திருப்பவர்கள், உதாரணமாக 900 டிகிரி சுற்றும் லாஜிடெக் ஜி29, கெட்டியாகப் பிடிக்கவே கூடாது. பின்பக்கம் வெளியே போனதும் வீல் தானாகவே எதிர்ப்பக்கம் சுற்றும். அதைக் கைக்குள் வழுக்கவிட்டு, சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. நீங்களே சுற்ற முயன்றால் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள்.

கீபோர்டில் ஆக்சிலேட்டருக்குப் பாதி என்பதே இல்லை. விட்டுவிட்டுத் தட்டித்தான் சமாளிக்க வேண்டும், நொடிக்கு மூன்று நான்கு தட்டு. முடியும், ஆனால் பழைய கேம்பேட் ஒன்று கிடைத்தாலும் அதற்கு மாறிவிடுங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்

இரட்டை வளைவில் ஆக்சிலேட்டரைக் கணநேரம் விட்டால் கார் நேராகி மறுபக்கம் பாயும். இங்கே மட்டும் முழுதாக விடலாம். ஸ்டீயரிங் காரைவிட முன்னதாகப் போக வேண்டும்: மூக்கு நேராகும் கணத்திலேயே அடுத்த பக்கத்துக்கான எதிர்த்திருப்பு தொடங்கியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டர் அதற்கு அடுத்து. கார் மறுபக்கம் முழுதாகச் சாய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் நேரம் கடந்துவிட்டது.

காரை அமைப்பது

வட்டமும் எட்டும் வராமல் ட்யூனிங் பக்கமே போகாதீர்கள். வந்த பிறகு, ஃபோர்ஸாவில் இப்படித் தொடங்கலாம். முன் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) மைனஸ் 4 முதல் 5, பின் கேம்பர் மைனஸ் 1-க்குள். காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) 7, எதிர்த்திருப்பு வேகமாக வர இது உதவும். பின் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பாகம்) ஆக்சிலரேஷன் 100 சதவீதம். இது குறைவாக இருந்தால் உள்பக்கச் சக்கரம் மட்டும் தனியாகச் சுழலும், கார் நழுவாது. ஃபைனல் ட்ரைவை (எல்லாக் கியருக்கும் பொதுவான கடைசிப் பல்சக்கர விகிதம்), உங்கள் ட்ரிஃப்ட் வேகம் முழுதும் ஒரே கியரில் அடங்கும்படி மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

பட்டன் ட்ரிஃப்ட்

மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் மேலே சொன்னது எதுவும் செல்லாது. பட்டனைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் நீலப் பொறி, பிறகு ஆரஞ்சு, பிறகு ஊதா. எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ விட்டதும் அவ்வளவு வேகம். ஊதா வேண்டுமென்றால், பாதையை விட்டு விலகாமல் காக்கும் ஸ்மார்ட் ஸ்டீயரிங்கை அணைக்க வேண்டும். ஆஸ்ஃபால்ட் வரிசையில் ட்ரிஃப்ட் என்பது நைட்ரோ நிரப்பும் வழி. எதிர்த்திருப்பு தேவையே இல்லை.

வெயிலும் கரன்ட்டும்

எல்லாம் சரியாகச் செய்தும் திடீரென்று ட்ரிஃப்ட் நிலைக்கவில்லை என்றால் கருவியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் போன் சூடாகிப் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபிரேம் (நொடிக்கு வரும் படங்கள்) குறையும், விரலுக்கும் காருக்கும் நடுவில் தாமதம் கூடும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள், கவரைக் கழற்றுங்கள், கிராஃபிக்ஸைக் குறைத்துச் சீரான 60 ஃபிரேம் வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் புழுக்கத்தில் விரல் வியர்த்து டச் தவறுவது சாதாரணம். பக்கத்தில் ஒரு பருத்தித் துணி இருக்கட்டும். லேப்டாப்பில் இதற்கு நேர்மாறு: கரன்ட் போய் பேட்டரிக்கு மாறியதும் பெரும்பாலானவற்றில் கிராஃபிக்ஸ் சிப்பின் வேகம் வெகுவாக விழும். அந்த நேரத்தில் பழகிய விரல் கணக்கு கரன்ட் வந்ததும் பொருந்தாது. மூடி வைத்துவிட்டு வந்தபிறகு ஆடுங்கள்.