உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதுங்கள்: இதய நலத்துக்காக வீட்டு உப்பைக் குறைக்கும் முறை

இதய நோய் வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு எண்ணெயைக் குறையுங்கள், நடங்கள், எடையைக் கவனியுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனையையும் ஒரே நாளில் தொடங்குபவர்கள் இரண்டே வாரங்களில் அத்தனையையும் கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் செய்து காட்ட முயல்கிறேன்: வீட்டுச் சமையலில் உப்பைக் குறைப்பது. வீட்டில் புகைபிடிப்பவரோ புகையிலை போடுபவரோ இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். அவர் அதை விடுவதே முதல் வேலை, உப்பு அதற்குப் பின்னர்தான்.

உப்பின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு சோடியம். அது உடலில் மிகும்போது அதைக் கரைத்து வைக்கச் சிறுநீரகங்கள் கூடுதல் நீரைத் தேக்குகின்றன. ரத்தத்தின் கன அளவு கூடுகிறது. குழாய்ச் சுவர்களின் மீது அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழாய்களின் உட்படலம் பழுதடைந்து அங்கே கொழுப்பு படிய இடம் கிடைக்கிறது; அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசையும் தடித்துப்போகிறது. இவை நடக்கும்போது பெரும்பாலோருக்கு வலியோ மயக்கமோ எதுவும் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதல் படி: அளந்து பாருங்கள்

வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், பிஸ்கட், கடைப் பலகாரம் என எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் அதற்குள் அடக்கம். ஆனால் நம்மில் யாரும் ஆளுக்கு ஒரு கரண்டி என்று அளந்து உண்பதில்லை. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதியை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் நால்வர் என்றால் நாளொன்றுக்கு 20 கிராம், ஆகவே அந்தப் பொட்டலம் குறைந்தது 50 நாட்கள் வர வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முறை எழுதியபோது 33 நாட்களில் தீர்ந்துவிட்டது. கணக்கிட்டால் ஒருவருக்கு ஏழரை கிராம், அதுவும் கடைப் பொருள்களைச் சேர்க்காமல். மீன் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் எடுக்கும் உப்பைத் தனிப் பொட்டலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எதுவானாலும் எடைக்கு எடை சோடியம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்துப்புக்கு மாறினால் இதயத்துக்கு நல்லது என்று நம்பி அளவைக் கூட்டிவிடாதீர்கள். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள்.

இரண்டாம் படி: உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

ஒரு வேளை இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, பொடியிலும் உப்பு. நான்கு இடங்களில் தனித்தனியாகப் போடுகிறோம். நண்பகலில் குழம்புக்கும் பொரியலுக்கும் ரசத்துக்கும் போட்ட பிறகு மோர்ச்சோற்றுக்கும் ஒரு சிட்டிகை, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது மோர்மிளகாய். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியமே. கருவாடு சமைக்கும் வீடுகளில் அதை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் வேறு உப்பு சேர்க்காமல் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகிய நான்கில் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளில் எளிதாக நடக்கிறது.

மூன்றாம் படி: சிறிது சிறிதாகக் குறையுங்கள்

உப்பு ஜாடிக்குள் கையை விட்டு அள்ளுவதை நிறுத்தி ஓர் அளவுக் கரண்டியைப் போட்டு வையுங்கள். குழம்புக்கு வழக்கமாக 2 கரண்டி போகிறது என்று தெரிந்தால் இரண்டு வாரங்களுக்கு ஒன்றே முக்கால், அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒன்றரை. நாக்கு சில வாரங்களில் புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளும். அதன் பிறகு பழைய அளவுதான் கரிக்கும். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் சாப்பாட்டு மேசைக்கு உப்புக் கிண்ணம் வந்துவிடும்.

போடும் நேரமும் முக்கியம். ஒரு கட்டுக் கீரை வாணலியில் மலைபோலத் தெரியும், வெந்ததும் ஒரு கையளவாகச் சுருங்கிவிடும். முதலிலேயே கண்ணளவில் உப்புப் போடுவதால்தான் கீரை அடிக்கடி கரித்துப்போகிறது. வெந்து சுருங்கிய பின் போடுங்கள். குழம்பும் அப்படியே, வற்ற வற்ற உப்பு ஏறும், ஆகவே இறக்கும் பதத்தில் சேர்த்தால் குறைவாகவே தேவைப்படும். உப்பு குறைந்த இடத்தை எலுமிச்சை, புளி, மாங்காய் போன்ற புளிப்பும், வறுத்துப் பொடித்த மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணமும் நிரப்பும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு மட்டும் உப்பில்லாத சோற்றைத் தனியே வைக்காதீர்கள். அது அவருக்குத் தண்டனை போலாகிவிடும், அவரும் மறைவாக ஊறுகாயைத் தேடுவார். வீடு முழுவதற்கும் ஒரே சமையல் இருக்கட்டும். மற்றவர்களுக்கும் அதே அளவுதானே போதும்.

நான்காம் படி: பொட்டல உணவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அங்கே உப்பு என்று போடாமல் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு, அதாவது ஒரு நாள் அளவில் பாதி. அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: பொட்டாசியத்தைக் கூட்டுங்கள், ஆனால் கேட்டுவிட்டு

கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம், சோடியம் வெளியேற உதவுகிறது. சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. எனினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அவர்கள் உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம்.

ஆறாம் படி: அழுத்தத்தைக் குறித்து வையுங்கள்

தேநீரோ காபியோ குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சின் உயரத்தில் தாங்கி, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் அளக்கும்போது தொடர்ந்து 135க்கு 85 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரைப் பாருங்கள். எண் இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தைக் குறைப்பதா என்பதை உங்கள் குறிப்பேட்டைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

இந்தப் பழக்கம் நிலைத்த பிறகு அடுத்ததாக நடையைச் சேர்க்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம், நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் போதும். அதற்குள் முதல் உப்புப் பொட்டலம் தீர்ந்திருக்கும். அது தீர்ந்த தேதியையும், இரண்டாவதைப் பிரித்த தேதியையும் சமையலறை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். இரண்டாவது எத்தனை நாட்கள் கூடுதலாக வந்தது என்பதை அதிலேயே எண்ணிப் பார்க்கலாம்.