க்ளட்ச் பெடலில் கொஞ்சம் ப்ளே இருக்கட்டும்

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் இன்னும் நிறைய வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, என்னுடையதும் சேர்த்து. இதில் க்ளட்ச் பெடலை கியர்பாக்ஸோடு இணைப்பது ஒரே ஒரு கேபிள். அதன் கியர்பாக்ஸ் முனையில் உள்ள நட்டைத் திருப்பினால் அட்ஜஸ்ட்மெண்ட் மாறிவிடும். பத்து நிமிட வேலைதான். அவ்வளவு சுலபம் என்பதாலேயே ஆளாளுக்கு அதில் கைவைத்துக் கெடுத்துக்கொள்கிறோம்.

பெரிய தவறு, எதற்கெடுத்தாலும் "கேபிள் லூஸ்" என்று சொல்லி டைட் வைப்பது. பெடலை அழுத்தத் தொடங்கும்போது முதலில் கொஞ்ச தூரம் பாரமே இல்லாமல் போகும் அல்லவா? அதுதான் ப்ளே. க்ளட்ச் ப்ளேட்டை இன்ஜின் பக்கம் அழுத்திப் பிடிப்பது ப்ரஷர் ப்ளேட்; பெடலை மிதித்தால் அதன் ஸ்பிரிங் விரல்களைத் தள்ளி அந்தப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். ப்ளே இருக்கும் தூரத்தில் பேரிங் அந்த விரல்களை இன்னும் தள்ள ஆரம்பித்திருக்காது. கேபிள் நீண்டால் ப்ளே கூடும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் க்ளட்ச் ப்ளேட் தேய்ந்தால் ப்ளே குறையும். ப்ளேட் மெலிய மெலிய ப்ரஷர் ப்ளேட் இன்ஜின் பக்கம் நகர்கிறது. அதற்கு எதிராக ஸ்பிரிங் விரல்களின் நுனி வெளியே, பேரிங்கை நோக்கி வருகிறது. ஆகவே ஓடித் தேய்ந்த வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது லூஸ் செய்வதுதான்.

இது எனக்குப் புரிந்தது செலவு செய்த பிறகு. ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று நானே நட்டை இறுக்கினேன். கியர் வெண்ணெய் போல விழுந்தது, எனக்கு ஒரே பெருமை. சில வாரம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை. அப்புறம் கருகிய வாடை. ப்ளே துளியும் இல்லாததால் க்ளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையிலேயே இருந்திருக்கிறது. ப்ளேட், ப்ரஷர் ப்ளேட், பேரிங் மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ப்ளேயை காலால் பார்ப்பது அடுத்த தவறு. செருப்புப் போட்ட காலுக்கு அந்த நுணுக்கம் தெரியாது. இன்ஜினை நிறுத்திவிட்டு, குனிந்து, விரலால் பெடலை மெல்ல அழுத்துங்கள். பாரம் தொடங்கும் இடம்வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளுக்குப் பொதுவாக 15 முதல் 25 மில்லிமீட்டர் இருந்தால் சரி. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர் விழ மறுத்தால் நட்டைத் தொடுமுன் ஒரு சோதனை. இன்ஜின் நின்றிருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் க்ளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். இன்ஜின் நின்றிருக்கும்போதும் கடினமாக இருந்தால் கியர் லிங்கேஜை, அதாவது கியர் லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பிகளைப் பாருங்கள், கேபிளைத் திருகி ஒன்றும் ஆகாது. கால்மிதி சுருண்டு பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இப்படி எத்தனையோ நடந்திருக்கிறது.

நட்டைத் திருப்பும்போது கேபிள் முனையும் கூடவே சுற்றும். அப்படி விட்டால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு பிரி பிரியாக அறுபடும். முனையை பிளேயரால் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஓரிரு சுற்று மட்டும் திருப்புங்கள். பிறகு பெடலை ஏழெட்டு முறை அழுத்திவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும். கேபிள் உறைக்குள் சரியாக உட்காருமுன் எடுத்த அளவு பொய்யாகிவிடும். புதுக் கேபிள் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தரம் பாருங்கள். கீழே படுத்துத்தான் எட்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கொடுங்கள்.

திருகு மரை முழுவதும் தீர்ந்த பிறகும் வாஷர் சொருகி ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த வண்டிக்குத் தேவை புதுக் கேபிள் அல்லது புதுப் ப்ளேட், வாஷர் இல்லை. பெடல் கல்லாகக் கனத்தால் கேபிளுக்குள் எண்ணெய் ஊற்றுவதும் வழக்கம். உள்ளே நைலான் உறை உள்ள கேபிளில் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் க்ளட்ச் உள்ள வண்டிக்கு இந்தக் கதையே பொருந்தாது, அங்கே பார்க்க வேண்டியது ஆயில் மட்டமும் கசிவும்தான்.

கேபிள் அடிக்கடி அறுந்தால், உறை உருகியதுபோல் இருந்தால், இன்னொரு இடத்தையும் பாருங்கள். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தோ அறுந்தோ போயிருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடி க்ளட்ச் கேபிள் வழியாகவே பாயும். ஸ்டார்ட் செய்தவுடன் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முதலில் அந்தப் பட்டையை மாற்றுங்கள், அப்புறம் கேபிளை வாங்கலாம்.