ஏசி சர்வீஸை மாசியிலயே முடிச்சிடுங்க, "கேஸ் போச்சு"ன்னா உடனே காசு எடுக்காதீங்க

சென்னைல ஏசி சர்வீஸுக்கு சரியான மாசம் மாசி. மே மாசம் கூப்பிட்டா மெக்கானிக் போனே எடுக்க மாட்டாரு, எடுத்தாலும் "நாளைக்கு வரேன் சார்"னு இழுப்பாரு, வந்தாலும் அவசர அவசரமா ஏசி மேல தண்ணிய பீய்ச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிருவாரு. மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிடும், அதனால பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரத்துலயே ஒரு சர்வீஸ், அப்புறம் ஐப்பசி மழைக்கு முன்னாடி செப்டம்பர் வாக்குல இன்னொன்னு. கடலோரமா இல்லாம, ராத்திரி மட்டும் ஏசி போடுற வீடுன்னா இந்த ரெண்டே போதும். நான் சொல்றது ஸ்ப்ளிட் ஏசிக்கு, விண்டோ ஏசிக்கும் பெரும்பாலும் இதேதான்.

மொதல்ல மெக்கானிக் இல்லாம நாமளே பண்றது: ஃபில்டர். எம்சிபிய (ஏசிக்கு கரண்ட் போற மெயின் சுவிட்ச) ஆஃப் பண்ணிட்டு முன்பக்க மூடிய தூக்கினா ரெண்டு வலை வரும். அழுக்கு படிஞ்ச பக்கத்துல நேரா தண்ணி அடிக்காதீங்க, அது தூசிய வலைக்குள்ளயே இன்னும் அழுத்தும். பின்பக்கத்துல இருந்து அடிச்சா தானா வெளிய வந்துடும். எண்ணெய் பிசுக்கு இருந்தா கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய டூத் பிரஷ், அவ்ளோதான். சுடுதண்ணி வேணாம், வெயில்லயும் காய வைக்காதீங்க, பிளாஸ்டிக் வளைஞ்சிடும், நிழல்ல காயட்டும். வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வீடு மெயின் ரோட்டுல இருந்தாலோ, பக்கத்துல கட்டட வேலை நடந்தாலோ வாராவாரம்.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ஃபில்டர் அடைச்சா உள்ள இருக்க காயில் (ஜில்லுனு ஆகுற பைப் சுருள்) மேல காத்து ஓடாது, காயில் ஐஸ் கட்டும், ரூம் கூலே ஆகாது, கம்ப்ரசர் மட்டும் நிக்காம ஓடிட்டே இருக்கும். வர்றவரு பாத்துட்டு "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாமா"ன்னு கேப்பாரு. நீங்களும் சரின்னு தலையாட்டுவீங்க. கழுவாத ஒரு வலைக்காக ரெண்டாயிரம் மூவாயிரம் போயிடும்.

கேஸ் விஷயத்த கொஞ்சம் நிதானமா பாப்போம். ஏசில கேஸ்ங்கறது பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ந்துபோற சமாச்சாரம் இல்ல. மூடின பைப்புக்குள்ள சுத்தி சுத்தி வர்றது, பத்து வருஷம் ஓடினாலும் அதே அளவுதான் இருக்கணும். கொறஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டைய அடைக்காம கேஸ் போட்டா அடுத்த சீசனுக்கு அதே ஆள் அதே வசனத்தோட வருவாரு. அதனால "கேஸ் போச்சு"ன்னு சொன்னா கேளுங்க: கேஜ் (பிரஷர் காட்டுற மீட்டர்) மாட்டி பாத்தீங்களா, லீக் எங்க, காட்டுங்க. வெளிய மாட்டியிருக்க அவுட்டோர் யூனிட்ல பைப் சேர்ற நட்டு இருக்கே, அங்கதான் அடிக்கடி லீக் ஆகும், சோப்பு தண்ணி தடவினா குமிழ் குமிழா வரும், கண்ணாலயே பாக்கலாம். ஃபில்டரும் காயிலும் சுத்தமா கழுவின பிறகு, ஏசிய ஓட விட்டுத்தான் கேஸப் பத்தி முடிவு பண்ணணும், அதுக்கு முன்னாடி இல்ல.

நிஜமாவே லீக்குன்னா முறை இதுதான். லீக்க சரி பண்ணணும், நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பாக்கணும், வேக்கூம் பம்ப் போட்டு உள்ள இருக்க காத்து, ஈரம் எல்லாத்தையும் இழுக்கணும் (இதுக்கே அரை மணி நேரம் ஆகும், அஞ்சு நிமிஷத்துல முடிச்சா நம்பாதீங்க), அப்புறம் தராசுல வெச்சு எடை பாத்து கேஸ் ஏத்தணும். எத்தன கிராம், எந்த கேஸ்னு அவுட்டோர் யூனிட்ல ஒட்டியிருக்க ஸ்டிக்கர்லயே இருக்கும். புது மெஷின்ல பெரும்பாலும் ஆர்-32, அதுக்கு முந்தினதுல ஆர்-410ஏ, ரொம்ப பழசுன்னா ஆர்-22. ஒண்ணுக்கு பதிலா இன்னொன்னு போடவே கூடாது, 410ஏ-வோட பிரஷர் 22-அ விட ரொம்ப அதிகம், ஆயிலும் வேற. 410ஏ ரெண்டு கேஸோட கலவைங்கறதால நெறைய லீக் ஆகியிருந்தா மிச்சத்தையும் வெளிய எடுத்துட்டு புதுசா ஏத்துறதுதான் நல்லது. ஆர்-32 லேசா தீப்பிடிக்கிற வகை, அதனால உள்ள கேஸ் இருக்கும்போது பைப்ல நெருப்பு வெச்சு வெல்டிங் பண்ண விடாதீங்க, வேலை நடக்கும்போது ஜன்னல் தொறந்தே இருக்கட்டும். இன்னொன்னு, நைட்ரஜனுக்கு பதிலா ஆக்சிஜன் சிலிண்டர மாட்டி பிரஷர் செக் பண்ண யாராவது கிளம்பினா வேலையவே நிறுத்துங்க, ஆயிலோட ஆக்சிஜன் சேர்ந்தா கம்ப்ரசர் வெடிக்கும், உயிர் போற விஷயம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் மாதிரி கடலோரத்துல இருக்கவங்களுக்கு உப்புக்காத்துதான் வில்லன். அவுட்டோர் காயிலோட அலுமினிய தகடு பொடிப்பொடியா உதிரும், அப்புறம் பைப்பும் அரிச்சு கேஸ் போயிடும். மாசத்துக்கு ஒரு தடவை பவர ஆஃப் பண்ணிட்டு அவுட்டோர் மேல சாதா தண்ணிய மெதுவா ஊத்தி உப்ப கழுவி விடுங்க, மெஷினோட ஆயுசு நல்லா கூடும். ஆனா மூடிய கழட்டி உள்ள கை விடாதீங்க, கப்பாசிட்டர்ல பவர் ஆஃப் பண்ணின பிறகும் கரண்ட் தங்கியிருக்கும். மாடிச் சுவத்துல தொங்குற அவுட்டோர்னா கழுவறதையும் மெக்கானிக்கிட்டயே விட்டுடுங்க, அவரும் பெல்ட் மாட்டிட்டுதான் ஏறணும்.

ஜெட் சர்வீஸ் (பம்ப் வெச்சு வேகமா தண்ணி பீய்ச்சி கழுவுறது) பண்ணும்போது பக்கத்துலயே நில்லுங்க. ஏசிக்குள்ள இருக்க எலக்ட்ரானிக் போர்டு மேல கவர் சுத்தியிருக்காங்களா, உள்ள உருளையா சுத்துற ப்ளோவர கழுவுறாங்களா (நெறைய பேர் காயில மட்டும் அடிச்சிட்டு இத விட்டுடுவாங்க, வாடை வர்றதே இதுலதான்), அவுட்டோருக்கும் தண்ணி அடிச்சாங்களான்னு பாருங்க. முடிஞ்சதும் 18-ல வெச்சு கால் மணி நேரம் ஓட விட்டு, மேல காத்து உள்ள போற இடத்துலயும் கீழ வெளிய வர்ற இடத்துலயும் ஒரு தெர்மாமீட்டர காட்டுங்க. ரெண்டுக்கும் 8-ல இருந்து 12 டிகிரி வரைக்கும் வித்தியாசம் இருந்தா ஏசி நல்லாவே இருக்கு, யாரு என்ன சொன்னாலும். டெஸ்டுக்கு மட்டும்தான் 18, தினமும் படுக்கும்போது 25, 26 வெச்சு மேல ஃபேன ஒண்ணுல ஓட விடுங்க. ஒரு டிகிரி ஏத்தினா கரண்ட்ல கிட்டத்தட்ட 6 சதவீதம் மிச்சம்னு பிஇஇ-யே (மின் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு) சொல்லுது, 2020-ல இருந்து வர்ற ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் ஆன் பண்ணினதும் 24-லதான் நிக்கணும்னு அவங்களோட கலந்து பேசி மத்திய அரசு விதியே போட்டிருக்கு. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு, ஸ்லாப் தாண்டினா ரேட்டே மாறிடும், அதனால இந்த ஒண்ணு ரெண்டு டிகிரிய சாதாரணமா நெனைக்காதீங்க.

இன்டோர்ல தண்ணி சொட்டுதுன்னா பயப்பட ஒண்ணுமில்ல, பெரும்பாலும் டிரெயின் பைப்புதான். வெளிய போய் பைப் நுனிய பாருங்க, குளவி மண்ண வெச்சு அடைச்சிருக்கும், இல்ல பைப்பு வாளித் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும், முங்கினா காத்து அடைச்சு தண்ணி இறங்காது. அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்தலாம், வீடு தொடைக்கலாம், ஆனா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஊத்தாதீங்க, காயில் அழுக்கும் உலோகமும் அதுல கலந்திருக்கும்.

மழைக்கு முன்னாடி பாக்க வேண்டியது அவுட்டோர தாங்குற ஸ்டாண்டு. துரு பிடிச்ச போல்ட்ட மாத்துங்க, 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்ச அடி ஞாபகம் இருக்கும்ல, அந்தக் காத்துக்கு ஆடுற ஸ்டாண்டு தாங்காது, கீழ நடக்கறவங்க தலைல விழும். இடி மின்னல் வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே பிளக்க புடுங்கிடுங்க, ஸ்டெபிலைசர் மின்னல தடுக்காது. 2015, 2023 மாதிரி வெள்ளம் வந்து தரைல இருக்க அவுட்டோர் முங்கிப்போச்சுன்னா, தண்ணி வடிஞ்சதும் சுவிட்ச போட்டு பாக்கற வேலையே வேணாம், ஆள் வந்து காய வெச்சு டெஸ்ட் பண்ணட்டும். மழைக்காலத்துல அவுட்டோர தார்பாய்ல சுத்தி வைக்கறதும் தப்பு, உள்ள ஈரம் நின்னு துருதான் பிடிக்கும், எலி வேற குடும்பம் நடத்தும். ஏசி ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் ஃபேன் மோடுல ஓட விட்டா காயில் காஞ்சிடும், பூஞ்சை வாடை வராது.

ஹீட்டிங்னா நம்ம ஊர்ல கீசர்தான். மார்கழிக்கு முன்னாடி, போர் தண்ணி ஊத்துற வீடா இருந்தா கண்டிப்பா, பிளம்பர கூப்பிட்டு டேங்க்க வடிச்சு எலிமென்ட்ல படிஞ்ச உப்ப சுரண்டச் சொல்லுங்க, உள்ள இருக்க மெக்னீசியம் ராடு கரைஞ்சிருந்தா மாத்தச் சொல்லுங்க, அது கரையறதுனாலதான் டேங்க் ஓட்டையாகாம இருக்கு. சேஃப்டி வால்வுல சூடாகும்போது ரெண்டு சொட்டு வர்றது சகஜம், அத எம்-சீல் போட்டு அடைச்சிடாதீங்க. மெயின் போர்டுல இருக்க ஈஎல்சிபி-ல (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) டெஸ்ட் பட்டன்னு ஒண்ணு இருக்கும், அமுக்கினா டப்புனு ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா கீசர் சுவிட்ச் பக்கமே போகாம மொதல்ல எலக்ட்ரீஷியன வரச் சொல்லுங்க.