சொட்டுகிற குழாயை நீங்களே சரிசெய்வது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்வெல்தான். அந்த உப்புத் தண்ணீர் குழாய்களைத் தின்றுவிடும். பாத்ரூம் குழாய்க்கு அடியில் ராத்திரி வைத்த பக்கெட் விடிவதற்குள் பாதிக்கு மேல் நிறைந்தது. பிளம்பரோ ‘நாளைக்கு வர்றேன் சார்’ என்றே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் உங்கள் குழாய் எந்த வகை என்று பாருங்கள். பல சுற்று திருகி மூடுவது என்றால் உள்ளே ரப்பர் வாஷர். பெரும்பாலும் அதை மாற்றினாலே போதும். கால் சுற்றில் மூடுவது என்றால் செராமிக் தட்டுகள் உள்ள ஸ்பிண்டில் (கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் தண்டு). தட்டில் கீறல் விழுந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும், ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை.

குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தரையிலுள்ள ஜாலியைத் துணியால் அடைத்துவிடுங்கள் (என் முதல் ஸ்க்ரூ அதற்குள்தான் போயிற்று). கைப்பிடியின் மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த படியில். உப்பு இறுகிப்போய் ஸ்பிண்டில் அசையவே இல்லை. பைப் ரெஞ்சைப் போட்டு முழு பலத்தோடு திருகினேன். ஸ்பிண்டிலுக்குப் பதிலாகக் குழாயே சுவரிலிருந்து திரும்பியது! சொட்டியது போய், சுவர் ஓரம் கசிய ஆரம்பித்தது. நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வையுங்கள், உப்பு இளகும். அதற்குமேல் விட்டால் பளபளப்பு போகலாம். பிறகு ஒரு ஸ்பேனரால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் ஸ்பிண்டிலை இடப்பக்கமாகத் திருகுங்கள். பைப் ரெஞ்ச் இந்த வேலைக்கு ஆகாது, பல் பதிந்து குரோமைக் கெடுத்துவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஸ்பிண்டிலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நான் போட்டோவை மட்டும் காட்டி வாங்கி வந்தேன். மேலே உள்ள பல் எண்ணிக்கை வேறு, கைப்பிடி உட்காரவில்லை. பஜார் தெருவுக்கு இரண்டாவது நடை. கடைக்காரர் தமிழிலேயே, ‘பழசைக் கொண்டாந்திருக்கலாமே சார்’ என்றார்.

புதியதை முதலில் கையால் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் லேசாக இறுக்குங்கள். ஸ்பிண்டிலுக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், அதிலுள்ள ரப்பர் வளையமே தண்ணீரை நிறுத்தும். டேப் சுவரில் நுழைகிற மரைக்குத்தான். மரையின் முனை உங்களைப் பார்க்க இருக்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும். சுவர்க் கசிவை அடைக்கும்போது எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று.

பிற்சேர்க்கை: ஸ்பிண்டில் மாற்றியபின் தண்ணீர் மெலிதாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். குழாய் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். வேலையின்போது உதிர்ந்த உப்புச் செதில் அங்கேதான் போய் அடைத்திருக்கும்.