பால் டீ நிறத்தில் வடிந்த ஆயில்

மன்னார்குடிப் பக்கம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப் வாங்கினேன். பெயின்ட், டயர், இன்ஜின் சத்தம் எல்லாம் பார்த்தேன். அச்சுக்குள் இருக்கும் ஆயிலைப் பார்க்காமல் விட்டேன்.

ஐப்பசி மழையில் வயலுக்குப் போகும்போது முன்பக்கம் ஊளைச் சத்தம். மெக்கானிக் அண்ணன் முன் டிஃபரன்ஷியலின் (அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) டிரெயின் பிளக்கை, அதாவது ஆயில் வடிக்கும் திருகைக் கழற்றினார். பால் டீ மாதிரி வடிந்தது. தண்ணீர் கலந்த ஆயில். "பிரீதர் அடைச்சுப் போச்சு தம்பி" என்றார். பிரீதர் என்பது அச்சுக்குள் காற்று போய்வரும் சின்னத் துவாரம். ஓடிச் சூடான அச்சு வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

பேரிங், சீல் மாற்றி, இரண்டு முறை ஆயில் விட்டுக் கழுவி, புது 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினோம். பிரீதரில் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏற்றினோம். சத்தம் நின்றது.

வாங்குகிறவர்கள் இரண்டு அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) மூன்றிலும் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பார்ப்பது ஈர மண்ணில்தான்; காய்ந்த தார் ரோட்டில் திரும்பினால் கியர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியென்றால் உப்புக் காற்று பட்டிருக்கும். அடியில் படுத்து, துரு பிடித்திருக்கிறதா என்று சேசிஸைத் தட்டிப் பாருங்கள்.