கிருமிப் படத்துக்கு வந்த விமர்சனங்களைத் தொகுப்பது எப்படி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ சங்க மண்டபத்தில் ஒரு வைரஸ் திரில்லரைப் போட்டுவிட்டுப் பேச உட்காரப் போகிறீர்கள் என்றால், விமர்சகர்கள் அந்தப் படத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கையில் இருந்தால் நல்லது. பத்து விமர்சனம் போதும். பாதியாவது படம் வெளியான வாரத்தில் எழுதியதாக இருக்கட்டும்.

முதல் வேலை, ஒவ்வொன்றின் மேலும் தேதி குறிப்பது. இதை விட்டால் தொகுப்பே கெட்டுவிடும். ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய வைரஸ் படமான 'கண்டேஜன்' 2011இல் வந்தது. அப்போது அதன் அறிவியல் துல்லியத்தைப் பாராட்டினார்கள். மனதில் ஒட்டவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. 2020 மார்ச் 26 நள்ளிரவில் நம் தென்னாப்பிரிக்கா ஊரடங்குக்குள் போனது. அந்த நாட்களில் எழுதியவர்கள் அதே படத்தை நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்ன படமாகப் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

அடுத்தது சதவீதம். விமர்சனங்களைத் திரட்டும் இணையதளமான ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் 60%, நூற்றுக்கு அறுபது மார்க் அல்ல. பத்தில் ஆறு பேர் 'பார்க்கலாம்' என்றார்கள், அவ்வளவுதான். ஆறு பேர் ஐந்துக்கு 3, நான்கு பேர் 2 கொடுத்தால் சராசரி 2.6, சதவீதமோ 60. சராசரியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு தாளை மூன்றாகப் பிரித்து, படமாக்கம், நடிப்பு, அறிவியல் என்று கருத்துகளைப் போடுங்கள். தடுக்கி விழுவது மூன்றாவதில்தான். கொல்லும் வேகத்தையும் பரவும் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும் விமர்சனங்கள் நிறைய. 2008இல் ஜாம்பியாவின் லுசாகாவிலிருந்து நோயாளி ஒருவரை ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் கொண்டுவந்தபோது வெளிப்பட்ட லூஜோ வைரஸ், தொற்றிய ஐவரில் நால்வரைக் கொன்றது. ஆனாலும் அந்த ஐவரோடு நின்றது. நெருங்கிய தொடர்பில்தான் தொற்றியது, பாதுகாப்பு முறைகளை இறுக்கியதும் சங்கிலி அறுந்தது. 'கண்டேஜ'னில் கேட் வின்ஸ்லெட் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவது பரவும் கணக்கைத்தான்: ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு? அந்தக் காட்சியைக் கவனித்து எழுதியவருக்குக் குறிப்பில் முதலிடம் கொடுக்கலாம்.

1995இல் வந்த 'அவுட்பிரேக்' படத்தில் நோயை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரும் குரங்கு கபுச்சின். அது நடு, தென் அமெரிக்க இனம். நம் கண்டத்துக் காட்டில் கிடையாது. இப்படிப்பட்ட பிழையை எந்த விமர்சகர் பிடித்தார், யார் தாண்டிப் போனார் என்பதையும் குறியுங்கள்.

மேற்கோள் ஒருவருக்கு இரண்டு வாக்கியம், பெயரும் தேதியும் சேர்த்து. பிடிக்காதவர் சொன்ன காரணத்தை வெட்டாதீர்கள். முடிவைச் சொல்லிவிடும் வரிகளைத் தாளின் பின்பக்கம் போட்டு, படம் முடிந்த பிறகு கொடுங்கள். 'கண்டேஜன்' என்றால் தொடக்கத்திலேயே பிரேதப் பரிசோதனைக் காட்சி வரும் என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கொரோனாவில் வீட்டு மனிதரை இழந்தவர்கள் அந்த நாற்காலிகளில் இருப்பார்கள்.