ஓடும் சிஸ்டத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரை நிறுத்தாமலே புது நிரலை ஏற்றுவது இன்று தினசரி வேலை. கட்டமைப்பு கெடுவது பெரும்பாலும் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் இடைப்பட்ட நேரத்தில்தான். முன்பு எப்படி இருந்தது, இனி எப்படி இருக்கும் என்று இரண்டு படம் வரைகிறோம். நடுவில் வரும் பத்து நிமிடத்துக்கோ பத்து நாளுக்கோ படமே இருப்பதில்லை.

இதற்கு என்ன விலை என்பதை அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் காட்டியது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கிய ஒரு புதிய திட்டத்துக்காக, அந்த நிறுவனம் ஆர்டர் அனுப்பும் மென்பொருளை மாற்றியிருந்தது. எட்டு சர்வர்களில் ஏழில்தான் புது நிரல் ஏறியது. எட்டாவது விடுபட்டதை யாரும் சரிபார்க்கவில்லை. புது வசதியை இயக்க அவர்கள் எடுத்துக்கொண்டதோ ஒரு பழைய ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கவோ நிறுத்தவோ நிரலில் வைக்கும் ஸ்விட்ச்). அது 'பவர் பெக்' என்ற வசதிக்கு உரியது. 2003-இலேயே பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிரலை நீக்கவில்லை. 2005-இல், ஆர்டரில் எத்தனை பங்குகள் நிறைவேறின என்று எண்ணும் பகுதியை வேறு இடத்துக்கு மாற்றியபோது பவர் பெக்கை மறுபடி சோதிக்கவும் இல்லை. விளைவாக, எட்டாவது சர்வரில் அது விழித்துக்கொண்டு, ஆர்டர் நிறைவேறியது தெரியாமலே மேலும் மேலும் வாங்கியது, விற்றது. சுமார் 45 நிமிடங்களில் 212 ஆர்டர்கள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளாகப் பெருகின. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

நடுவில் அவர்கள் செய்ததையும் கவனியுங்கள். சிக்கலைச் சரிசெய்ய முயன்று, ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை நீக்கினார்கள். ஃபிளாக் போட்ட ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்ததால் அங்கும் பவர் பெக் ஓடத் தொடங்கியது. பிரச்சினை வந்தால் பழைய வெர்ஷனுக்குப் போய்விடலாம் என்பது எப்போதும் பாதுகாப்பான வழி இல்லை. புதியது அனுப்பும் தரவைப் பழையது எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும்.

நிரல் இல்லை, வெறும் கான்ஃபிகரேஷன் (அமைப்பு விவரங்கள்) தானே என்று அலட்சியமாக ஏற்றுவது இன்னொரு தவறு. 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஒரு பாதுகாப்பு விதியை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அனுப்பியது. அதிலிருந்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) சிபியுவை முழுக்க விழுங்க, எண்ணற்ற தளங்கள் அரை மணி நேரம் போல முடங்கின. விதியும் நிரல்தான். அதையும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

டேட்டாபேஸில் 'போன்' என்ற நெடுவரிசைக்கு ஒரே அடியில் 'மொபைல்' என்று பெயர் மாற்றினால், பழைய வெர்ஷன் ஓடும் சர்வர்கள் அந்த நொடியே உடையும். அதனால் புது நெடுவரிசையைச் சேருங்கள், இரண்டிலும் எழுதுங்கள், பழைய வரிகளைச் சிறு சிறு தொகுதிகளாக நகலெடுங்கள், அப்புறம் வாசிப்பதை மாற்றுங்கள். பழைய பெயரை யாரும் தொடவில்லை என்று உறுதியான பிறகே நீக்குங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு டேபிளில் நெடுநேரம் எடுக்கும் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) ஓடும்போது, அதே டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையைக் கொடுத்தால் அது லாக்குக்காக, அதாவது டேபிளைத் தனக்கு மட்டும் பூட்டிக்கொள்வதற்காகக் காத்திருக்கும். பின்னால் வரும் சாதாரண குவெரிகளும் அதன் பின்னே வரிசையில் நிற்கும். வெறும் சேர்ப்புதானே, ஒரு நொடி வேலை என்று நினைத்தது தளத்தையே நிறுத்திவிடும். லாக் டைம்அவுட்டை, அதாவது லாக்குக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை, சில நொடிகளுக்கு வைத்து, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுவதை எர்லாங் என்ற நிரல் மொழி அழகாகக் கையாள்கிறது. ஓடும்போதே மாட்யூலை (நிரலின் ஒரு பகுதியை) மாற்றலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வெர்ஷன்கள்தான் இருக்க முடியும். மூன்றாவதை ஏற்றப் பழையதைக் களைய வேண்டும். அப்போதும் பழையதிலேயே ஓடும் ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள்) கொல்லப்படும். மற்ற மொழிகளில் இந்தக் கட்டுப்பாடு தானாக வராது, நாம்தான் விதித்துக்கொள்ள வேண்டும். முந்தைய மாற்றத்தின் பழைய வழி நீங்கும்வரை அதே இடத்தில் அடுத்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள். ஃபிளாக் சேர்க்கும் அன்றே, அதை நீக்கும் வேலைக்கான டிக்கெட்டையும் (பணிப் பதிவையும்) பொறுப்பாளர் பெயர், தேதியோடு திறந்துவிடுங்கள்.